பாயிண்ட்டில் பூத்த உப்பு

எங்கள் ஊரில் ஒரு எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கும். அவ்வளவு தட்டை. மரக்காணத்தில் உயரம் என்று பார்த்தால் உப்பளத்தில் குவித்த உப்பு அம்பாரமும் கழிவெளிப் பாலமும்தான். இந்த ஊரிலிருந்து ஒரு மனுஷர், ஐம்பது வயதைத் தொடப்போகிற நேரத்தில், பழைய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலையேறும் பந்தயத்துக்குப் போகிறேன் என்றால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அந்த மனுஷர் என் வீட்டுக்காரர்.

இப்போது அவர் இல்லை. போன சித்திரையில் போய்விட்டார். போகும்போது தன் கை கெட்டுப்போய்விட்டது என்று நம்பிக்கொண்டே போனார். கை கெடவில்லை. அவர் இருந்தவரை அது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரிந்திருந்தது. அந்த ஆள் நான்தான். மூன்று வருஷம் ஒரே வீட்டில், அவர் தட்டில் சோறு போட்டுக்கொண்டு, சொல்லாமல் இருந்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன். படிக்கிறவர்கள் என்னைத் திட்டினால் திட்டட்டும், நானே தினமும் திட்டிக்கொள்கிறேன்.

அவர் அளத்து வேலைக்காரர். தை பிறந்ததும் உப்புப் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தப் போவார். மாசியில் பலகையால் உப்பு வாரத் தொடங்கினால் மழை வரும்வரை அதே வேலை. ஆனால் ஊருக்குள் அவரை யாரும் உப்பு வாருகிறவராக நினைக்கவில்லை. தண்ணீர் இறைக்கிற மோட்டார் நின்றுபோனாலும், எவனுடைய மொபெட் கிளம்பாவிட்டாலும் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜின்மேல் வைத்து, மறு முனையைக் காதில் வைத்துக் கேட்பார். கேட்டுவிட்டு, "பேரிங் போச்சு" என்றோ "ஒண்ணுமில்ல, டேங்க்ல தண்ணி பூந்துக்கினு இருக்குது" என்றோ சொல்வார். பிரித்துப் பார்த்தால் அதேதான் இருக்கும்.

நான் அவரைக் கிண்டல் செய்வேன். "எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது, கொஞ்சம் ஸ்க்ரூடிரைவர் வெச்சுக் கேளுங்க" என்பேன். "உனக்கு வாய்லதான் கோளாறு. அத டைட் பண்ண நம்மாண்ட ஸ்பேனர் இல்ல" என்பார்.

மோட்டார் சைக்கிள் என்னால்தான் வந்தது. மழைக் காலத்தில் அளத்தில் வேலை இருக்காது என்பதால் நான் ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வீட்டைக் கூட்டித் துடைக்கப் போய்க்கொண்டிருந்தேன். அவர் ஊரோடு திரும்பிப் போகிறேன் என்று சாமான்களை எல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். மற்ற பெண்கள் மிக்ஸி, கட்டில் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கொட்டகையில் கிடந்த சிவப்பு டேங்க் வண்டி. பின்னால் இரண்டு பக்கமும் நீளமாய் இரண்டு சைலன்சர், கியர் போடுகிற கம்பியை நிமிர்த்தினால் அதுவே கிக்கர். சைலன்சருக்குள் ஒரு குளவி கூடு கட்டியிருந்தது. பெரியவர் தனக்குத் தெரிந்த தமிழில், "உன் வீட்டு ஆள்... நல்ல கை. எடு, எடு" என்றார். அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை என் வீட்டுக்காரர் ஒருமுறை சரிசெய்து கொடுத்திருந்தார்.

அந்த மிக்ஸியை எடுத்திருக்கலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

வண்டியைப் பிரித்துச் சேர்க்க அவருக்கு ஒரு வருஷம் ஆனது. கூட இருந்து உதவியவர் இடையஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருந்த அவருடைய கூட்டாளி. கிடைக்காத சாமானை அவர் கடைந்து கொடுப்பார். இருவரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நான் அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். இரண்டு பேரும் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. சண்டை போட்டுக்கொண்டாவது இருப்பார்கள்.

பெரியவர் போனபிறகு நான் குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிப்போக என் வீட்டுக்காரர் அந்த வண்டியில் வந்து வாசலில் நின்றார். சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்த சிலர் ஓடி வந்து வண்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்கள். அவர்களும் பழைய வண்டிப் பைத்தியங்கள். வருஷா வருஷம் மார்கழியில் ஏற்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துச் சாலையை மறித்து மலையேறும் பந்தயம் வைக்கிறோம், பழைய வண்டிகள் மட்டும்தான், நீங்களும் வாங்க என்றார்கள்.

"எத்தன பேரு கூட ஓடுவாங்க?" என்று கேட்டார் இவர்.

"கூட யாரும் இல்லைங்க. ஒருத்தர் மேல போன அப்புறம்தான் அடுத்தவர். கொடி அசைச்சதும் கடிகாரம் ஓடும். யார் சீக்கிரம் மேல போறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "யாரையும் இடிக்க வேணாம், முந்த வேணாம். நானு, வண்டி, மலை. அளத்துல பலக புடிச்சு வார்ற மாதிரிதான்டி. அவனவன் பாத்தி அவனவனுக்கு." அன்றைக்கு அவர் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பின்னால் உட்கார்ந்து வந்தேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் பார்த்ததில்லை.

பழகுவதற்கு மலை வேண்டுமே? கடற்கரைச் சாலையிலிருந்து குயிலாப்பாளையம் ஏறுகிற செம்மண் மேடுதான் எங்களுக்கு மலை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போய் அதில் ஏறுவார், இறங்குவார், மறுபடி ஏறுவார். கூட்டாளி கையில் போனை வைத்துக்கொண்டு நேரம் பார்ப்பார். டீக்கடைக்காரர், "இன்னா சார், எதாச்சும் வுட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்பாராம்.

முதல் வருஷம் போய்விட்டுக் கடைசியாக வந்தார்கள். கடலோரத்தில் உட்கார்ந்து, கடலோரக் காற்றுக்கு வண்டியை அளவு பார்த்துச் சரிசெய்து, அப்படியே மலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மேலே போகப்போகக் காற்று லேசாகிவிடும், பெட்ரோலையும் குறைக்கவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வண்டி கறுப்பாய்ப் புகைவிட்டு இருமிக்கொண்டே ஏறியதாம். வீட்டுக்கு வந்து எனக்கு அதிசயமாய்ச் சொன்னார்: "காத்துக்குக்கூட எட இருக்குதாம்டி. நம்ம ஊரு காத்து கெட்டி. அங்க தண்ணிக் காத்து."

அடுத்த வருஷம் கார்புரேட்டர் சமாசாரத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு போனார்கள். அதற்குள் ஒரு ஊசி இருக்கிறது. நீடில் என்பார்கள். அதில் வரிசையாய்ச் சின்னச் சின்னப் பள்ளமாய்க் காடிகள் வெட்டியிருக்கும். ஒரு காடி இறக்கினால் பெட்ரோல் குறையும், ஏற்றினால் கூடும். அதை வைத்துத்தான் மலைக்குத் தகுந்தபடி மாற்றவேண்டும். அந்த வருஷம் மூன்றாவதாக வந்தார். ஒரு மரக் கேடயம் கொடுத்தார்கள். டிவி மேல் வைத்தார். டிவி மெலிசு, அதன்மேல் நிற்காது என்று சொன்னாலும் கேட்கவில்லை. இரண்டு முறை விழுந்தபிறகு சாமி மாடத்துக்குப் போனது.

அந்தக் கோடையில்தான் கண் மங்கத் தொடங்கியது. வெயிலில் வெள்ளை வெளேரென்று கிடக்கிற உப்பைப் பார்த்துப் பார்த்து அளத்துக்காரர்களுக்குக் கண் போவது எங்களுக்குப் புதிதில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே நரம்பில் கோளாறு, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், போனது வராது என்றார். வெளியே வந்து நான் அழுதேன். அவர் அழவில்லை. தன் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டி, "கண்ணு போனா போவட்டும். இது இருக்குது இல்ல? கண்ண மூடிக்கினு கூட கார்ப்பரேட்டர் மாட்டுவேன்" என்றார். செய்தும் காட்டினார். துண்டால் கண்ணைக் கட்டச் சொல்லி, முழுசாய்ப் பிரித்து, முழுசாய்ச் சேர்த்தார். ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சவில்லை.

"இந்த வருஷம் ஒரு வாட்டி போறேன். அடுத்த வருஷம் வளைவு தெரியாது. மொதல்ல வருவேன் பாரு" என்றார்.

இனி என் பங்குக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தை, மாசியில் பாத்தியில் தண்ணீர் சுண்டி முதல்முதலாய் உப்பு கட்டும்போது, மேலே மெல்லிசாய் வெள்ளை படரும். உப்பு பூத்துடுச்சு என்போம். அந்த வார்த்தையைக் காலையில் எவராவது வந்து சொன்னால் அன்றைக்கு வீட்டில் பாயசம். பூத்த முதல் உப்பில் ஒரு கைப்பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வாசலில் கட்டுவோம். வருஷம் முழுக்க எந்தக் கண்ணும் படாது என்று என் மாமியார் சொல்லி நானும் செய்துவந்தேன். அவருக்கு இதில் நம்பிக்கை கிடையாது. "உப்பு சுத்திப் போட்டா பிரேக் புடிக்குமா?" என்று கேட்பார்.

மூன்றாவது பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது குயிலாப்பாளையம் மேட்டில் லாரி சிந்திவிட்டுப் போன சரளையில் வழுக்கி விழுந்தார். முழங்கை பிய்ந்துவிட்டது. அந்த வாரம்தான் பஸ் ஸ்டாப்பில் ஒருத்தி, "உன் வூட்டுக்காரரு போட்டோ எல்லார் போன்லயும் வருதாமே" என்று கண்ணை விரித்துச் சொல்லியிருந்தாள். கண் பட்டுவிட்டது என்று நினைக்க எனக்கு அது போதாதா? வண்டியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறேன் என்றேன். கத்தினார். "ஹாரனையே கயட்டிப் போட்டிருக்கேன், எட ஜாஸ்தின்னு. நீ மூட்ட கட்டுறியா? வண்டியில கை வெச்ச, தெரியும் சேதி" என்றார்.

சரி என்றேன். நான் சரி என்று சொன்னால் அதற்குச் சரி என்று அர்த்தம் இல்லை என்பது அவருக்கு இத்தனை வருஷத்தில் தெரிந்திருக்கவேண்டும்.

அந்த முறை நானும் போனேன். கூட்டாளியின் லோடு வண்டியில் மோட்டார் சைக்கிளைக் கட்டி ஏற்றிக்கொண்டு மூவரும் கிளம்பினோம். மலையில் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். ஒரு பலா மரத்தடியில் வண்டியை நிறுத்தினார்கள். நின்ற உடனே இருவருக்கும் சண்டை. "மச்சான், போன வருஷத்துக்கு இந்த வருஷம் ஈரம் ஜாஸ்தி. ரெண்டு காடி எறக்குடா" என்றார் கூட்டாளி. "ஒண்ணு போதும்டா. சத்தம் கேக்குது இல்ல எனக்கு? ஒண்ணுதான்" என்றார் இவர். கடைசியில் ஒரு காடிதான் இறக்கினார். சாயங்காலம் ஓட்டுகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு விதிமுறை சொன்னார்கள். இருவரும் போனார்கள். நான் வண்டிக்குக் காவல்.

வாசலில் கட்டியிருந்த மஞ்சள் முடிச்சை அவிழ்த்து, மழையில் கரைந்ததற்கு ஈடாக ஜாடி உப்பை நிறைத்து முடிந்து, பையில் கொண்டுவந்திருந்தேன். அவர் கண்ணில் படாத இடம் வேண்டும். டேங்க்கின் அடியில் கையை விட்டுத் துழாவினேன். ஒரு வயர் கீழே இன்ஜினுக்குப் போய்க்கொண்டிருந்தது. கெட்டியாய், வாகாய் இருந்தது. அதில் கட்டினேன். இரண்டு முடிச்சுப் போட்டு இழுத்தும் பார்த்தேன். பிறகு டேங்க்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எவ்வளவு சமர்த்து என்று என்னையே மெச்சிக்கொண்டது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

அளத்து உப்பு மழைக்காலத்தில் வீட்டுக்குள் இருந்தாலே வேர்க்கும். ஜாடியைச் சுற்றித் தண்ணீர் கட்டி நிற்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். மார்கழி மாசம், மலைமேல், மூஞ்சிக்கு எதிரே கையை நீட்டினால் தெரியாத பனியில் அந்த உப்பு என்ன ஆகும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதைத் தவிர வேறு எதுவுமே அன்றைக்கு என் மண்டையில் இல்லை.

காலையில் வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. இவர் கூட்டாளியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கூட்டாளி, "சரி சரி, மேல போயிட்டு வந்து பேசு" என்றார். அந்தச் சாலையில் மொத்தம் ஒன்பது வளைவு. வேடிக்கை பார்க்கிறவர்கள் வளைவுகளில் நிற்பார்கள். நானும் கூட்டாளியும் ஏழாவது வளைவில் நின்றோம். குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, புடவைமேல் அவருடைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை.

பனியில் ஆளே தெரியவில்லை. சத்தம்தான் வந்தது. கீழே ஒவ்வொரு வளைவிலும் சத்தம் இறங்கும், திரும்பியதும் ஏறும். கூட்டாளி போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்தாவது வளைவைத் தாண்டும்போது என் கையைப் பிடித்து, "தங்கச்சி, போன வருஷத்தவிட ரொம்ப முன்னாடி வர்றான். இன்னிக்கு இவன்தான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்தது.

ஆறாவது வளைவில் சத்தம் ஒருமுறை இருமியது. பிறகு விட்டுவிட்டு வந்தது. பனிக்குள்ளிருந்து சிவப்பு டேங்க் தெரிந்தபோது சத்தமே இல்லை. வண்டி தன் வேகத்தில் எங்கள் முன்னால் வரை உருண்டு வந்து நின்றது.

அவர் குதித்து இறங்கினார். உதைத்தார், உதைத்தார். கிளம்பவில்லை. சட்டைப் பையிலிருந்த ஸ்பேனரால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுடச்சுடக் கையில் எடுத்தார். முகத்துக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். பெட்ரோலில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. கொடி வைத்திருந்தவர், "ஓரமா தள்ளுங்க, ஓரமா தள்ளுங்க, அடுத்த வண்டி வரணும்" என்று கத்தினார்.

"நான்தான் சொன்னேனே!" என்றார் கூட்டாளி. ஆற்றாமை அவருக்கு. "ரெண்டு காடி எறக்குடான்னு தலையால அடிச்சுக்கினேனே! பெட்ரோல் ஜாஸ்தியாயி மூழ்கிப் போச்சு. உன் கை மேல உனக்கு அவ்ளோ திமிரு!"

என் வீட்டுக்காரர் சண்டைக்குப் போவார் என்று பார்த்தேன். போகவில்லை. நனைந்த பிளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "வண்டி நல்லாதான்டி இருக்குது. நான்தான் கெடுத்துட்டேன்" என்றார்.

அடுத்த நாள் ஊரில், அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது, டேங்க்கின் அடியில் கையை விட்டேன். துணி மட்டும்தான் இருந்தது. விறைத்துப்போய், வெறுமையாய். அதிலிருந்து வயர் நெடுக வெள்ளைக் கோடு கீழே இறங்கி, இன்ஜின் மூடிக்குள் வயர் நுழைகிற ஓட்டைவரை போயிருந்தது. அதற்குள்தான் பாயிண்ட் இருக்கிறது, கரண்ட்டை விட்டுவிட்டு அனுப்புகிற இடம். அளத்து மோட்டார்களின் ஸ்டார்ட்டர் பெட்டியில் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு இறங்கினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கரண்ட் வராவிட்டால் பெட்ரோல் எரியாது, பிளக் நனையத்தான் செய்யும். ஊரில் என்றால் அவர் முதலில் அங்கேதான் பார்த்திருப்பார். மலையில் உப்பை யார் தேடுவார்கள்?

அந்தத் துணியை வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஒட்டியிருந்த உப்பு படபடவென்று வெடித்தது.

உள்ளேயிருந்து, "இன்னாடி சத்தம்?" என்றார்.

"கட்ட ஈரமா இருக்குதுங்க" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு பொய். அன்றைக்குச் சொல்லியிருந்தால் கத்தியிருப்பார், ஒரு வாரம் பேசியிருக்க மாட்டார், பிறகு ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார். வண்டியில் கை வைக்காதே என்று சொன்னவரிடம் கை வைத்தேன் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வெட்கம். ஒரு மாதம் போனதும் பயம். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு வருஷம் போனதும், இனிமேல் எதற்கு என்று ஆகிவிட்டது.

அவர் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினார். பிறகு திறக்கவே இல்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வாசலுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. "வேற யாரையாச்சும் பாருப்பா. என் கைய நம்பாத" என்பார். ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைப்பதை விட்டார். கண் இன்னும் மங்கியது. கூட்டாளி வந்து மன்னிப்புக் கேட்காத குறையாய்ப் பேசிப் பார்த்தார். "நீ சொன்னதுதான் மச்சான் சரி" என்று இவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அதன்பிறகு கூட்டாளி வருவதும் குறைந்தது.

ஒருமுறை சுற்றிவளைத்துச் சொல்லிப் பார்த்தேன். "பனில எங்கனா ஈரம் பூந்திருக்கும்ங்க, அதான் நின்னுருக்கும்."

"பூந்திருந்தா அதுவும் என் தப்புதான். மூடி டைட் பண்ணது யாரு? நான்தான?" என்றார். என் வாயை டைட் பண்ண ஸ்பேனர் இல்லை என்று சொன்ன மனுஷருக்கு எதிரில், வேண்டிய அன்றைக்கு அது பூட்டிக்கொண்டது.

சித்திரையில், அளத்தில், வாரிக்கொண்டிருந்தவர் பலகையைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். நான் குடத்தோடு ஓடுவதற்குள் சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது, பார்த்தார்கள், தலையை அசைத்தார்கள். அவர் கைகளைப் பிடித்துக்கொண்டே வீடுவரை வந்தேன். உள்ளங்கையில் உப்பு வெட்டிய கோடுகள். அப்போதும் நான் சொல்லவில்லை. செத்தவர் காதில் சொல்லி மனசை ஆற்றிக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

போன மாதம் கூட்டாளி வந்தார். வண்டியைச் சும்மா போட்டுவைத்தால் துரு தின்றுவிடும், ஒருமுறை கிளப்பிப் பார்க்கிறேன் தங்கச்சி என்றார். சரி என்றேன். தார்ப்பாயை எடுத்தார். துடைத்தார். புதுப் பெட்ரோல் ஊற்றி, கார்புரேட்டரைக் கழுவி மாட்டினார். நீடிலைத் தொடவில்லை. "அவன் வெச்சது அப்டியே இருக்கட்டும்" என்றார். உதைத்தார், கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றி, இன்ஜின்மேல் வைத்து உதைத்துப் பார்த்தார். நெருப்புப் பொறி வரவில்லை. முகம் மாறியது. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பக்கத்து மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும்.

மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாயிண்ட்ல உப்பு பூத்திருக்குது தங்கச்சி."

எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்குத்தான் பாயசம் வைப்போம்.

அவர் உப்புத் தாளால் பாயிண்ட்டைத் தேய்த்தார். துணியால் துடைத்தார். மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. கொஞ்சம் புகைந்து, பிறகு ஒரே சீராய் ஓடியது. அவர் எதையும் திருகவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பியபோது அவர் கண் நிறைந்திருந்தது.

"நீடிலால நிக்கலம்மா அன்னிக்கு. ஒரு காடி கரெக்ட்டுதான், இல்லன்னா அஞ்சாவது வளைவு வரைக்கும் அப்டி வந்திருக்க மாட்டான். அவன் வெச்சதுதான் கரெக்ட்டு. கரண்ட் இல்லாமதான் பிளக்கு நனஞ்சிருக்குது. நம்ம கடல் காத்து செஞ்ச வேல. நான் ஒரு முட்டாப் பய, அத்தன பேர் முன்னாடி அவன அப்டி திட்டிட்டேனே. நான் திட்டுனதுதான் அவன் மனச ஒடச்சுது. என்னாலதான் தங்கச்சி."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். கடல் காற்று என்று அவரே ஒரு வழி காட்டியிருந்தார். நான் வாயைத் திறக்காமல் நின்றால் போதும், பழி காற்றுக்கும் அவருக்குமாய்ப் போய்விடும். மூன்று வருஷம் பழகிய வேலைதானே எனக்கு?

"காத்து இல்லண்ணே" என்றேன். "நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் துணி, வயர், இரண்டு முடிச்சு, அடுப்பில் வெடித்தது, கட்டை ஈரம் என்று சொன்னது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. வண்டியை நிறுத்தவும் அவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "அவனாண்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

டேங்க்மேல் கையை வைத்தேன். உள்ளே இன்ஜின் அடிப்பது கைக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் வைத்த ஒரு காடியில், ஒரு அடிகூடத் தப்பாமல் ஓடியது.

"சொல்லியிருக்கலாம்ண்ணே" என்றேன்.